இரு உலகத்துக்கும் ஒரே லென்ஸ்

அந்த லென்ஸ் அவளுடையது. பத்து நாளைக்கு முன்பே சொல்லிவைத்தது. அதன்மேல் எவனோ ஒருவன் கை வைத்திருந்தான்.

மழையில் பாதி நனைந்து கேமரா வாடகைக் கடைக்குள் நுழைந்தவள் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். நீளமான, நிதானமான விரல்கள்... கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்தப் பழைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒருத்தி தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறாளே என்ற நினைப்பே இல்லை.

“அது எனக்கு எடுத்து வச்சது” என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அதையும் அவசரமில்லாமல்தான் செய்தான்.

ஜன்னல் அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. மழை நாளின் வெளிச்சம், பால் கலந்த மாதிரி... பாதி முகத்தில் விழுந்து, கண்களில் மட்டும் ஒரு துளியாக நின்றது. வெளிச்சத்தை அளந்தே பிழைப்பு நடத்தும் மனசு, அவளைக் கேட்காமலே அளந்து முடித்தது: இந்த முகத்துக்கு விளக்கே வேண்டாம். அப்புறம்தான் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. லென்ஸ் பறிபோகிறது, நீ முகத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறாயா?

“எனக்கும் எடுத்து வச்சதுதாங்க” என்றான் அவன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பதிவு இரண்டு, படம் ஒன்று. ஒரே படத்துக்கு இரண்டு பேர் போன் செய்தால் ஒரே ஆபீஸ் என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்று அவர் தன் பக்க நியாயத்தைச் சொன்னார்.

“ஒரு வீட்டு ஆளுங்கன்னு நெனச்சேன். நீங்க பாத்தா பாகப்பிரிவினைக்கு வந்தவங்க மாதிரி நிக்கிறீங்க.”

  அவள் அவனைப் பார்த்தாள்... அவன் அவளைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர்கள் சந்தித்திருக்கவே கூடாது.

அது ஒரு தேவதைக் கதைப் படம். காட்டில் கரி மூட்டம் போடுகிறவருக்கு ஒரு மகள். அவள் தாய் ஒரு நாள் தண்ணீர் இறைக்கப் போய்க் கிணற்றுக்குள் இறங்கியவள் திரும்பவில்லை. கிணற்றுக்குக் கீழே ஓர் அரண்மனை இருக்கிறது. அங்கே காற்று கிடையாது, பசி கிடையாது, யாருக்கும் வயதாவதில்லை. தாய் அங்கே ராணியாக இருக்கிறாள். மகளை மறந்துவிட்டாள். பெண் அம்மாவைத் தேடி இறங்குகிறாள்.

இரண்டு உலகமும் ஒட்டவே கூடாது என்றார் டைரக்டரம்மா. முப்பது வருஷமாகப் படம் எடுப்பவர், சொன்னால் சொன்னதுதான். காட்டுக்கு ஒரு கேமரா ஆள், அரண்மனைக்கு ஒரு கேமரா ஆள். ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசிக்கொள்ளவும் கூடாது. ஒரு கண்ணில் இரண்டு உலகமும் ஏறிவிட்டால் இரண்டும் கலந்து கூழாகிவிடும் என்பது அவர் கட்சி.

காடு அவளுடையது. கேமராவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெண்ணின் உயரத்துக்குக் குனிந்து, அவள் மூச்சு படும் தூரத்தில் கூடவே ஓடுவாள். புகை வந்தால் கேமராவும் திணறும். பெண் பயந்தால் கேமராவும் நடுங்கும். எட்டு வருஷம் உதவியாளாக இருந்தபின் தன் பெயரில் வரப்போகும் முதல் படம். யூனிட்டில் அவளுக்கு ‘நடுக்கம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அரண்மனைக்காரனின் பட்டப்பெயரும் அவள் காதுக்கு வந்திருந்தது. ‘தண்டவாளம்.’ தண்டவாளம் போட்டு, அதில் டிராலியை ஏற்றி, மட்டம் பார்த்து, தூரத்தில் நேர் நடுவே நின்று, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகர்த்தினால்தான் அவனுக்கு ஷாட். அங்கே காற்று கிடையாதே... அசைவது கேமரா மட்டும்தான்.

அந்தத் தண்டவாளம்தான் இப்போது அவளுடைய லென்ஸோடு நிற்கிறது.

மழை விடவில்லை. இருவரும் கடைவாசல் தகரத்தின் கீழே, நடுவில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்கள். படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு என்ன பேசுவது? எதிர்ச்சுவரில் நீர் கோடு கோடாக வழிந்தது. அவன் அதையே பார்த்தான். அவள் அவன் பார்ப்பதைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

“உங்க காட்டுல காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?” என்று திடீரென்று கேட்டான்.

“பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“காத்தைப் பத்திச் சொல்லலையே...”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கினாள். விழுங்கியது தொண்டையில் நின்று இன்னும் எரிச்சலாக்கியது.

கடைசியில் ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். காட்டுக் காட்சிகள் காலையில், அரண்மனைக் காட்சிகள் பிற்பகலில். முகத்துக்குக் கிட்டே போகும்போது மட்டும்தான் இருவருக்கும் இந்த லென்ஸ் வேண்டும். சுடரோ தணலோ, பிரகாசமான எந்தப் புள்ளியைச் சுற்றியும் பால் வளையம் போல் ஒரு மென்மையைத் தரும் கண்ணாடி அது. ஊரில் வேறு கிடையாது. ஒரு மணிக்கு, இரண்டு தளங்களுக்கும் நடுவே இருந்த தண்ணீர்க் குழாயடியில் கைமாற்றிக்கொள்வது, மறுநாள் விடிந்ததும் அங்கேயே திருப்பித் தருவது. பேச்சு கிடையாது.

பேச்சு இரண்டாம் நாளே தொடங்கிவிட்டது. சண்டையாகத்தான்.

அவள் கொடுக்கும் லென்ஸில் கரித்தூள் இருந்தது. அவன் பெட்டியைத் திறந்து, பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து மான்தோல் துணியை எடுத்து அவள் கண்முன்னாலேயே துடைத்தான். “கண்ணாடியா, அடுப்பா?” என்று கேட்டான். அவளோ, அவன் திருப்பித் தரும்போது அது இவ்வளவு பளபளப்பாக இருப்பதே ஒரு குற்றம்போல் பேசினாள். மறுநாள் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு: ‘இடது ஓரத்தில் ஒரு விரல் ரேகை. ஆள்காட்டி விரல். பார்த்து.’ அவள் பதில் எழுதினாள்: ‘கைநாட்டு வைத்தேன். பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.’

நாலு நிமிஷத்தில் முடிய வேண்டிய கைமாற்றம் பத்து நிமிஷமானது. பிறகு கால் மணி. அவன் பேச்சு முழுவதும் நிறுத்தி நிறுத்தித்தான். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு குடம் நிறைந்துவிடும். அவளுக்கோ பொறுமை என்பது வாடகைக்குக்கூடக் கிடைக்காத சாமான். அவன் முடிப்பதற்குள் இவள் முடித்து வைப்பாள், தப்பாக. அவன் இல்லையென்று தலையசைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனாலும் மறுநாள் பன்னிரண்டரைக்கே கண் கடிகாரத்துக்குப் போய்விடும்... சனியன்.

படத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அப்படித்தான் இருவரும் நினைத்தார்கள். குழாயில் சொட்டும் நீரைப் பற்றிப் பேசினார்கள். பயந்த குழந்தை எதிரே பார்க்குமா, தரையைப் பார்க்குமா என்று பேசினார்கள். ஒருவரை மறந்துபோனவள் முகம் எப்படி இருக்கும் என்று அவன் கேட்டான். “ரொம்ப நிம்மதியா இருக்கும். அதான் பாக்கப் பயமா இருக்கும்” என்றாள் அவள். அவன் அன்று வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றான். அந்த மௌனம் மட்டும் அவளுக்கு எரிச்சல் தரவில்லை. ஏனென்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

வீட்டில் அக்காவுக்குக் காது வலித்தது. மருந்துக் கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருபவள். துணி மடித்துக்கொண்டே தங்கையின் புலம்பலைக் கேட்பாள். இன்று அவன் பெட்டியை எப்படிச் சாத்தினான், நேற்று எப்படித் துடைத்தான், ஒரு மனுஷன் ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்...

“உன் பழைய பட மேனேஜர் டைட்டில்ல உன் பேரையே வெட்டினான். அவனை நீ ரெண்டு நாள்தான் திட்டின” என்றாள் அக்கா. “இவரை ஒரு மாசமா திட்டிட்டிருக்க.”

“அதுக்கு என்ன இப்போ?”

“ஒண்ணுமில்லடி. அந்தத் தலையணை உறையை எடு.”

அந்த வாரத்தில்தான் அவள் விதியை மீறினாள். குடிசைக்குள் ஒரு காட்சி. பெண் தூங்குகிறாள், கரி மூட்டத்திலிருந்து வந்த தகப்பன் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்துகிறான். மூன்று முறை கையில் பிடித்து எடுத்தாள். மூன்றும் பொய்யாக இருந்தன. இந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பெண்ணுக்குப் பயமில்லையே, பின் கேமரா ஏன் நடுங்க வேண்டும்? ஒரு பலகையைக் கொண்டுவரச் சொன்னாள். அதன்மேல் சோப்பைக் குழைத்துத் தடவி, கேமராவை அதில் வைத்து, விரல் நுனியால் நகர்த்தினாள். கேமரா மூச்சு விடாமல் வழுக்கிக்கொண்டு அந்தச் சட்டையை நோக்கிப் போனது... எட்டு வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அது. அவளுக்கே தெரிந்தது. அவனிடம்கூடச் சொல்லவில்லை.

அவனும் சொல்லவில்லை, அதே வாரத்தில் அரண்மனையில் கேமராவைத் தண்டவாளத்திலிருந்து கழற்றித் தோளில் வைத்ததை. பெண்ணின் கையில் ஒட்டியிருந்த கரியை ராணி பார்க்கிறாள். எதையோ நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறாள். அந்த ஒரு பார்வைக்கு, அசையாத உலகம் இலேசாக அசைந்தது.

டைரக்டரம்மா திரையிடும் அறையில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு இருவரையும் கூப்பிட்டனுப்பினார். ஒரே அறைக்கு, ஒரே நேரத்தில்.

கரித் தணலைச் சுற்றி ஒரு பால் வளையம். அரண்மனை விளக்கைச் சுற்றி அதே பால் வளையம். இரண்டு உலகத்திலும் ஒரே கண்ணாடி என்று கண்டுபிடிக்க முப்பது வருஷ அனுபவம் தேவையில்லை என்றார். அதையாவது மன்னிக்கலாம். காடு ஏன் வழுக்குகிறது? அரண்மனை ஏன் ஆடுகிறது? இரண்டும் வேறு வேறு என்று பார்ப்பவர் உடம்புக்குத் தெரிய வேண்டும் என்று மூன்று மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாரே... எல்லாம் விழலுக்கு இறைத்த நீரா? தயாரிப்பாளர் வேறு, ஒரே ஆளை வைத்து முடித்துவிடலாம் என்று நச்சரிக்கிறாராம். மிச்சமிருக்கும் வேலைக்கு அனுபவம் அதிகமுள்ளவர் போதும், பெயரும் ஒன்றே போதும் என்று.

அனுபவம் அதிகமுள்ளவர் யாரென்று யாருக்கும் சந்தேகமில்லை.  அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவன் பேசிவிட்டான். வாழ்நாளில் முதல் தடவையாக, நிறுத்தாமல்.

“தப்பு என்மேல. லென்ஸ் நான்தான் கொடுத்தேன். காட்டுல அந்த ஷாட்டும் நான் சொல்லித்தான் எடுத்தாங்க. அவங்களை விட்டுடுங்க.”

அறையை விட்டு வெளியே வந்து, படி இறங்கி, குழாயடி வரும்வரை அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தூறல் பிடித்திருந்தது. அவன் பின்னாலேயே வந்தான்... ஏதோ நல்லது செய்துவிட்டவன் முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் ஆனது.

“யார் கேட்டா உங்களை?”

“உங்களை எடுத்துடுவாங்கன்னு...”

“எடுத்தா எடுக்கட்டும். என் தப்போட போவேன். அந்த ஷாட் நீங்க சொன்னதா? அப்படி ஒண்ணு இருக்கறதே உங்களுக்கு இன்னைக்குத்தானே தெரியும்.”

 அவன் வழக்கம்போல் வார்த்தை தேடினான். அவள் காத்திருக்கவில்லை.

“எட்டு வருஷம் சார். நல்லா ஏதாவது எடுத்தா, ‘கேமராமேன் யாரும்மா?’ன்னு என்கிட்டயே கேப்பாங்க. இது ஒண்ணுதான் முழுசா என்னோடது. அதையும் ஒரு நிமிஷத்துல வாங்கி உங்க பையில போட்டுக்கிட்டீங்க. கேட்டா உதவிம்பீங்க.”

லென்ஸ் பெட்டியைக் குழாய்த் திண்டில் வைத்துவிட்டு நடந்தாள். தூறல் கண்ணில் அடித்தது. மழைதான்... மழை மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

யாரை அனுப்புவது என்று டைரக்டரம்மா இன்னும் முடிவு செய்யவில்லை; வேலை நடந்தது, ஐந்து நாள் பேச்சில்லை. பெட்டி மட்டும் திண்டில் இருக்கும். ஒருவர் வைத்துப் போனபின் மற்றவர் வந்து எடுப்பார். சீட்டு இல்லை. லென்ஸில் கரித்தூள் இருந்தாலும் அவன் புகார் சொல்லவில்லை. புகார் வராததுதான் அவளுக்கு அதிகமாக உறுத்தியது. வீட்டிலும் யாரையும் திட்டவில்லை. அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

ஆறாம் நாள் காலையில் அவள் டைரக்டரம்மா அறைக்குப் போனாள். சோப்புக் காய்ந்து வெள்ளை பூத்திருந்த அந்தப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். மேசைமேல் வைத்தாள். அந்த ஷாட் தன்னுடையது, யாரும் சொல்லித் தரவில்லை, தப்பென்றால் தன் தப்பு, அனுப்புவதென்றால் அதற்காகத் தன்னை அனுப்ப வேண்டும் என்று, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

டைரக்டரம்மா பலகையை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

“அப்போ அவர் பொய் சொன்னாரு.”

“ஆமா.”

“நல்லாவும் சொல்லலை” என்றார். பிறகு பலகையை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். தன்னைக் குடைந்துகொண்டிருந்ததை மெல்லச் சொன்னார். கடைசிக் காட்சி. பெண் காட்டில் ஓடிவந்து கிணற்றுக்குள் இறங்குகிறாள்; கீழே அரண்மனை. ஒரே ஷாட்டில் வர வேண்டும், வெட்டினால் செத்துவிடும். ஆனால் கையில் பிடித்தவர் கிணற்றுக்குள் எப்படி இறங்குவார்? கிரேனில் உட்கார்ந்தவர் காட்டுக்குள் எப்படி ஓடுவார்? இரண்டு உலகத்தையும் இவ்வளவு தூரம் பிரித்தபின் அவற்றை ஒட்டுவது எப்படி என்று தனக்கே தெரியவில்லை என்றார்.

அவளுக்குத் தெரிந்தது. அந்த நொடியில்தான் தெரிந்தது.

“நான் ஓடிவந்து கிணத்து விளிம்புல கேமராவைக் கொடுத்துடறேன். கிரேன்ல இருக்கறவர் வாங்கிட்டு இறங்கட்டும். நிறுத்தாம, கையோட கை.”

“கொடுத்துடுவியா?”

அவள் மேசையில் கிடந்த பலகையைப் பார்த்தாள். “கொடுத்துடுவேன்.”

அது சரியாக வந்தால் இரண்டு பெயரும் இருக்கும். வராவிட்டால் தயாரிப்பாளர் சொன்னதுதான் என்றார் டைரக்டரம்மா.

இனி அவனிடம் போய்க் கேட்க வேண்டும். அதுதான் கொடுமை. வீறாப்பை மென்று விழுங்கிக்கொண்டு அரண்மனைத் தளத்துக்குப் போனாள். அவன் தரையில் முழங்காலிட்டு, தண்டவாளத்துக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். “முடியாதுன்னா சொல்லிடுங்க” என்று முடித்தாள்.

“எப்போ?” என்றான் அவன், உடனே. ஒரு நொடிகூட யோசிக்காமல். எப்போது யோசிக்க வேண்டும், எப்போது கூடாது என்று இந்த மனுஷனுக்கு யார்தான் சொல்லித் தருவது?

அவள் திரும்பும்போது கூப்பிட்டான். “அன்னைக்குக் காப்பாத்தறதா நெனச்சேன்... அது உங்ககிட்டேயிருந்து எடுத்துக்கறதுன்னு தெரியலை. டைரக்டரம்மாகிட்ட போய் மாத்திச் சொல்லலாம்னு ரெண்டு தடவை கிளம்பினேன். மறுபடி உங்களைக் கேக்காமயான்னு... திரும்பிட்டேன்.”

அவள் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நடந்தாள். சொல்ல நிறைய இருந்தது.

கிணற்றை அரண்மனைக்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு உயரமான மேடையில் கட்டியிருந்தார்கள். மேடையில் காடு, புகை, சேறு. வட்டமான ஓட்டைக்குக் கீழே பளிங்குத் தரை, விளக்குகள், ராணி. கிரேனின் இருக்கையில் இடுப்புப் பட்டை போட்டு அவனைக் கட்டி, கிணற்று விளிம்பு வரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். காலை பத்து மணிக்கே வானம் கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் காது கிழியும் சத்தம். ஒலி எடுப்பதை விட்டுவிடலாம், படம் மட்டும் போதும் என்றார் டைரக்டரம்மா.

முதல் டேக், கைமாறும்போது ஒரு குலுக்கல். இரண்டாவது, அதே இடத்தில் அதே குலுக்கல். மூன்றாவதும் அப்படியே. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இன்னும் ஒன்று, அவ்வளவுதான் என்று குரல் வந்தது.

அவள் பல்லைக் கடித்தாள். “என்னதான் பிரச்சினை உங்களுக்கு?”

“நீங்க விட மாட்டேங்கறீங்க” என்றான் அவன், தணிந்த குரலில்.

“விட்டுட்டுத்தானே நிக்கறேன்.”

“விரல் விடுது. கை விடலை.”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். கரி படிந்த, புண்ணான கைகள். உண்மைதான். இவன் கேமராவைக் கீழே போட்டுவிடுவான் என்ற பயமில்லை அவளுக்கு. போட மாட்டான். அழகாக வாங்கிக்கொள்வான். ‘கொடும்மா, நான் பாத்துக்கறேன்’ என்று எத்தனை பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்... போனது போனதுதான். அவளுடைய கைக்கு அது மட்டும்தான் தெரியும்.

நிமிர்ந்தாள். விளிம்புக்கு அப்பால் அந்தக் கண்கள். அவசரமில்லாத, அவளை எதுவும் கேட்காத கண்கள். அந்த ஐந்து நாளும் இந்தக் கண்களைப் பார்க்காமல்தான் தனக்குச் சோறு இறங்கவில்லை என்பது, இத்தனை பேர் நடுவில், இத்தனை சத்தத்தில், அவளுக்குச் சாவதானமாகப் புரிந்தது. புரிய வேண்டிய நேரமா இது?

நான்காவது டேக். பெண் ஓடினாள். அவள் குனிந்து பின்னால் ஓடினாள்... புகை, வேர், சேறு, பெண்ணின் பின்னங்கழுத்து, மூச்சு. கிணற்றுச் சுவர் வந்தது. பெண்ணின் கால் உள்ளே போனது. அவள் கேமராவை விளிம்புக்கு மேலாக நீட்டினாள். அவன் கைகள் வந்தன. நான்கு கைகள், மூன்று எண்ணும் நேரம். அவன் கண் கேமராவில் பதிந்திருந்தது, திரும்ப முடியாது. இதைவிடப் பெரியதை முதலில் கொடுத்துவிட்டால் இது இலேசாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் காதருகே சொன்னாள்.

“எனக்கு உங்க மேல ஆசை வந்துடுச்சு. எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா வந்துடுச்சு.”

சொன்னதும் கைகள் தாமாகவே விலகின. குலுக்கலில்லை. கிரேன் இறங்கியது. அவன் கேமராவோடு கீழே கீழே போனான். மேலேயிருந்து பார்க்க, அவன் உச்சந்தலையும் தோள்களும் சின்னதாகிக்கொண்டே போயின. ஷாட் முடிய இன்னும் நாற்பது விநாடி. பதில் சொல்ல முடியாது, தலை நிமிரக்கூட முடியாது அவனால். அவள் கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தாள். பத்து விநாடி. இருபது. மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நாற்பது விநாடியை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

“கட்.”

டைரக்டரம்மா சின்னத் திரையில் திரும்பப் போட்டுப் பார்த்து முடிப்பதற்குள் மழை தூறலாகத் தணிந்திருந்தது. மேலே அவள், கீழே எல்லோரும். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

“கை மாறின இடம் தெரியவே இல்லை. ஆனா இறங்க ஆரம்பிச்சதும் ஒரு இடத்துல ஆடுது. யார் கை?”

“என் கைதாங்க” என்றான் அவன்.

“அவளைக் காப்பாத்தறீங்களா?”

“இல்லைங்க. அப்போ அவங்க கையிலே கேமராவே இல்லை.”

டைரக்டரம்மா அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, அம்மாவைப் பார்க்க இறங்குகிற பெண்ணுக்கு அந்த ஆட்டம் வரத்தான் செய்யும், அப்படியே இருக்கட்டும், இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும் என்றார். கீழே கை தட்டினார்கள். அது அவள் காதில் பாதிதான் விழுந்தது. அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள்.

அவன் பட்டையை அவிழ்க்காமல் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். மெதுவாக, மிக மெதுவாக முகத்தை உயர்த்தினான். அத்தனை விளக்குகளும் அந்தக் கண்களில் இருந்தன.

“நானும்தான்” என்றான்.

“என்ன நானும்தான்? பாதியிலே நிறுத்தாதீங்க. முழுசாச் சொல்லுங்க.”

யூனிட் முழுவதும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றது. அவன் வார்த்தை தேடினான். அவள் குறுக்கே முடித்து வைக்கவில்லை. முதல் தடவையாகக் காத்திருந்தாள்.

“அந்த மழையன்னைக்கு... லென்ஸ் உங்களுக்கே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். எனக்கு வேற வச்சு எடுக்கத் தெரியும். போயிட்டா மறுபடி உங்களைப் பாக்க முடியாதேன்னுதான் நின்னேன்.” ஒரு குடம் நிறையும் நேரம் நிறுத்தினான். “அன்னையிலேருந்து எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு.”

அவளுக்குக் கண் கலங்கியது. ஒன்றரை மாதம். தினமும் ஒரு மணிக்கு, அந்தக் கரித்தூள், அந்தப் பெருமூச்சு, அந்த மான்தோல் துணி... எல்லாம் இதற்கா? இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்னவாம்?

“ஏணி அந்தப் பக்கம் இருக்கு” என்றாள். “ஏறி வாங்க. சீக்கிரம்.”